நிவியாக்கின் பத்தொன்பது பதில்கள்

சிலருக்கு நாக்கில் சனி என்பார்கள். ஜோனலினுக்கு அது முகத்தில் இருந்தது.

வின்னிபெக்கின் அந்த ஆரம்பப் பள்ளிக்கு அவள் பயிற்சி ஆசிரியையாக வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை டானிலுக் அவளைப் பற்றிய குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதிவிட்டார்: "பிள்ளைகளைப் பார்த்து உதட்டைக் குவிக்காதே." நடந்தது வேறொன்றுமில்லை. கத்தரிக்கோலை எங்கே வைப்பது என்று ஒரு பையன் கேட்டான். "அங்க வை" என்று சொல்லி ஜோனலின் உதட்டால் அலமாரியைக் காட்டினாள். கடல் தாண்டி அவள் பிறந்த ஊரான இலோயிலோவில் இதற்கெல்லாம் யாரும் விரலைத் தூக்க மாட்டார்கள். உதடு இருக்கும்போது விரல் எதற்கு? பையனோ மிஸ் தனக்குப் பறக்கும் முத்தம் கொடுக்கிறாள் என்று நினைத்துக் காதுவரை சிவந்துபோனான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கத்தரிக்கோல் மறுநாள்தான் கிடைத்தது.

"உனக்குக் கைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்றார் டானிலுக்.

"இருக்கு டீச்சர்."

"அத வெச்சுக் காட்டு. இல்ல வாயத் திறந்து சொல்லு. ரெண்டுல ஒண்ணு."

இதை ஜோனலினுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து வயதில் அவள் அம்மாவோடு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது, அவளுடைய முதல் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்: "உனக்குப் பின்னம் தெரியுமா?" ஜோனலின் புருவத்தை உயர்த்தினாள். தெரியும் என்று அர்த்தம். ஆசிரியை காத்திருந்தார். மறுபடி கேட்டார். ஜோனலின் புருவத்தை இன்னும் மேலே உயர்த்தினாள். கண் சரியாகத் தெரியாத மனுஷி போல என்று ஜோனலினுக்குப் பாவமாகவும் இருந்தது. ஒரு வாரம் இப்படியே போனது. பிறகு அவளைக் கடைசி மேசையில் உட்காரவைத்து, வண்ணம் தீட்டச் சொல்லி வாத்துப் படங்களைக் கொடுத்துவிட்டார்கள். குளிர்காலம் முழுக்க அவள் வாத்துக்களுக்கு மஞ்சள் பூசினாள். பின்னக் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. யாருக்குத் தெரியும்?

அந்த வருடம்தான் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைப் பழக்கினாள். ஆமாம் என்றால் வாயால் ஆமாம். அங்கே என்றால் விரலால் அங்கே. புருவம் தானாக எழும்பினால் ஒரு கிள்ளு. ஆசிரியை ஆக வேண்டும் என்ற வெறியும் அந்த வாத்துக்களிடமிருந்து வந்ததுதான். "என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் தனியாகப் பின்னால் உட்கார்ந்திருக்காது" என்று கல்லூரி விண்ணப்பத்தில் எழுதினாள். இடம் கிடைத்தது. சேர்க்கைக் கடிதம் வந்த அன்று அம்மாவும் சித்தியும் சேர்ந்து பாடிய பாட்டில் மேல்மாடிக்காரர்கள் தரையைத் தட்டினார்கள்.

இப்போது அந்தப் படிப்பே ஊசலாடிக்கொண்டிருந்தது. கல்லூரியிலிருந்து அவளை மதிப்பிட வரும் ஃப்ரீசன், நெட்டையான மனிதர், அதிகம் பேசாதவர், இரண்டு முறை வந்து பார்த்துவிட்டார். வகுப்பை அடக்குவதில் சுமார் என்று எழுதினார். பாடத் திட்டத்திலும் சுமார். "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா, நீங்க ஒரு வருஷம் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னால் வலிக்காது என்று அவருக்கு யார் சொன்னார்களோ.

கோப்பு முழுவதிலும் ஒரே ஒரு பாராட்டு இருந்தது. அது நிவியாக்கைப் பற்றி அவள் எழுதிய தாளுக்குக் கிடைத்தது.

நிவியாக் ஜனவரிக் கடைசியில் வந்து சேர்ந்த எட்டு வயதுப் பெண். வடக்கே, விமானத்தில் மட்டும் போகக்கூடிய ராங்கின் இன்லெட் என்ற ஊரைச் சேர்ந்த, பனிநாட்டுப் பழங்குடியான இனுவிட் குடும்பம். அம்மாவுக்கு வயிற்றில் இரட்டைப் பிள்ளை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மூன்று மாதத்துக்குக் குடும்பத்தோடு வின்னிபெக்கில் வந்து தங்கியிருந்தார்கள். மைனஸ் முப்பது டிகிரிக் குளிரில் மற்றப் பிள்ளைகள் மூட்டை மூட்டையாக உருண்டு வர, நிவியாக் மட்டும் கோட்டுப் பொத்தானைக்கூடப் போடாமல் நடந்து வருவாள். எல்லாவற்றையும் பார்ப்பாள். எதுவும் பேச மாட்டாள்.

"இவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாதுன்னே எனக்குப் பிடிபடல" என்று டானிலுக் ஜோனலினிடம் சொன்னார். "ஆமா, இல்லன்னு பதில் சொல்ற மாதிரி கேள்வியா தயார் பண்ணு. பக்கத்துல உக்காந்து கேளு. என்ன பண்றாளோ அப்படியே எழுது."

ஜோனலின் பத்தொன்பது கேள்விகள் தயாரித்தாள். அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டாள். மூன்று நாள் நிவியாக்கின் எதிரே உட்கார்ந்து, கஞ்சி போட்ட சட்டை மாதிரி முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டாள். எட்டும் ஏழும் பதினைந்தா? பனிக்கட்டி உருகினால் தண்ணீரா? ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விநாடி காத்திருந்தாள். வாய் திறக்கிறதா, கை அசைகிறதா என்று பார்த்தாள். பிறகு அழகான கையெழுத்தில் எழுதினாள்: பதில் இல்லை. பதில் இல்லை. பத்தொன்பது முறை. அடியில் "மற்ற குறிப்புகள்" என்ற இடத்தில், ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்று இதையும் சேர்த்தாள்: "அடிக்கடி புருவத்தை உயர்த்துகிறாள். மூக்கைச் சுருக்குகிறாள். பதற்றமாக இருக்கலாம்."

ஃப்ரீசன் அந்தத் தாளைப் பார்த்து, "கூர்மையான கவனிப்பு" என்று எழுதினார். அந்தத் தாளை வைத்துத்தான் டானிலுக் ஒரு படிவத்தை நிரப்பினார். திங்கட்கிழமை மதியத்திலிருந்து நிவியாக் மூன்றாம் வகுப்பில் இருக்க மாட்டாள். தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கும் தனி அறையில் ஓர் உதவியாளரோடு இருப்பாள். கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

சனிக்கிழமை ஜோனலின் சித்தியின் ரொட்டிக் கடையில் வேலைக்கு நின்றாள். பிரேசி சித்தி அம்மாவின் தங்கை. குரல் மணியோசை, கை மின்னல். காலையில் சூடாகப் பன் இறங்கும் நேரத்தில் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் ஒரு மனிதரும் ஒரு சிறுமியும் நுழைந்தார்கள். நிவியாக்கும் அவள் அப்பா லியோவும். ஜோனலின் உள்ளே மாவுத் தட்டை வைத்துக்கொண்டு நின்றதால் அவர்கள் அவளைப் பார்க்கவில்லை.

"வா கண்ணு! இனிப்பா வேணுமா?" என்று கேட்டாள் சித்தி.

நிவியாக் புருவத்தை உயர்த்தினாள்.

"இதுவா?" சித்தி உதட்டால் சீஸ் தூவிய பன்னைக் காட்டினாள்.

நிவியாக் மூக்கைச் சுருக்கினாள்.

"சீஸ் பிடிக்காதா? சரி விடு, எங்க வீட்லயும் ஒண்ணு அப்படித்தான். அப்ப இந்த ஊதா கலர்? கிழங்கு வெச்சது."

புருவம்.

"ஒண்ணு போதுமா?"

மூக்கு.

"ரெண்டு?"

மூக்கு.

"அடி சக்கை! மூணா? அம்மாவுக்குமா?"

இரண்டு புருவமும் தலைமுடி வரைக்கும் போயின.

"அம்மாவுக்குன்னா நாலா எடுத்துக்கோ, நாலாவது என் கணக்கு" என்று சித்தி பையில் போட்டுக் கொடுத்தாள். அடுத்த ஆளிடம் திரும்பினாள். எல்லாம் அரை நிமிடம்.

உள்ளே தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது. அப்பாவும் மகளும் போன பிறகு சித்தி எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"சித்தி, அந்தப் பொண்ணு உங்ககிட்ட பேசினாளா?"

"பின்ன? வாயே ஓயல. நல்ல வாயாடி."

"அவ ஒரு வார்த்தைகூடப் பேசல சித்தி!"

சித்தி யோசித்தாள். "பேசலயா?" மறுபடியும் யோசித்தாள். "சீஸ் பிடிக்காதுன்னு சொன்னாளே?"

ஜோனலின் கோட்டைக்கூட எடுக்காமல் தெருவுக்கு ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் லியோவைப் பிடித்தாள். மாவும் கையுமாக நின்ற அவளை நிவியாக் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"சார், நிவியாக் புருவத்த உயர்த்தினா என்ன அர்த்தம்?"

"ஆமான்னு அர்த்தம்" என்றார் லியோ. "மூக்கச் சுருக்கினா இல்ல. எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான். ஆஸ்பத்திரில எங்ககிட்ட ஒவ்வொரு கேள்வியையும் ரெண்டு தடவ கேக்குறாங்க. நான் இப்ப வாயத் திறந்து சொல்லிடறேன். இவ புது ஆளுங்ககிட்டப் பேச மாட்டா, கூச்சம். ஏன் மிஸ், எதாவது தப்பாயிடுச்சா?"

தப்புதான். ஊரில் இருக்கும் எந்த ஆசிரியைக்கு இது தெரியாமல் போனாலும் மன்னிக்கலாம். புருவத்தால் பேசிப் பேசியே வாத்து மேசைக்குப் போனவள் அவள். அவளுக்குமா தெரியவில்லை? தெரியாமல் என்ன, கண்ணால் பார்த்தாள். பார்த்ததை எழுதவும் எழுதினாள். "பதற்றமாக இருக்கலாம்"! தன் முகத்தைக் காவல் காத்துக் காத்து, எதிரே இருந்த முகத்தைத் தவற விட்டுவிட்டாள். குளிரில் அல்ல, வெட்கத்தில் அவளுக்குக் காது எரிந்தது.

அன்று கடையை மூடும்போது சித்தியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "சொன்னா எனக்கு இருக்கிற ஒரே பாராட்டும் போயிடும். ஒரு வருஷம் போயிடும் சித்தி. சொல்லலன்னா அந்தப் பொண்ண அந்த ரூம்ல கொண்டு போய் வெச்சிடுவாங்க."

"சொல்லாம இருக்கப் போறியா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்குற? பதினஞ்சு வருஷமா மூஞ்சிய இஸ்திரி போட்டே வெச்சிருக்க. நீ சிரிக்கிறியா முறைக்கிறியான்னு உங்கம்மாவே என்கிட்ட போன் பண்ணிக் கேக்குறா. ஷட்டர இழு, குளுருது."

திங்கட்கிழமை குளிர் மைனஸ் முப்பத்து நாலு டிகிரி. பிள்ளைகளை வெளியே விளையாட விட மாட்டார்கள். இடைவேளையிலும் வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. ஃப்ரீசன் பின்வரிசையில், முழங்கால் மேசையில் இடிக்கக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டானிலுக் பேனாவைத் திறந்து படிவத்தை எடுத்தார். ஜோனலின் தன் தாளை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

"இது தப்பு" என்றாள்.

"எது தப்பு?" என்று கேட்டார் ஃப்ரீசன்.

"மொத்தமும் சார். அவ பத்தொன்பதுக்கும் பதில் சொன்னா. எனக்குத்தான் பாக்கத் தெரியல. புருவத்த உயர்த்தினா ஆமா. மூக்கச் சுருக்கினா இல்ல. அவங்கப்பாகிட்ட கேட்டுட்டேன்." தன் குறிப்பின் கடைசி வரியில் விரலை வைத்தாள். "எங்க வீட்லயும் புருவத்த உயர்த்தினா ஆமாதான். எனக்கு இது தெரியாதுன்னு சொல்லவே முடியாது."

டானிலுக் பேனாவை மூடவில்லை. "நானும் பாத்தேன்" என்றார் மெதுவாக. "ஏதோ பழக்க தோஷம்னு நெனச்சேன்."

"இந்தத் தாளுக்குத்தான் நான் உங்களப் பாராட்டி எழுதினேன்" என்றார் ஃப்ரீசன்.

"தெரியும் சார். அத அடிச்சிடுங்க."

அவர் உண்மையாகவே அடித்தார். கோடு போட்ட சத்தம்கூடக் கேட்டது. இனி இழக்க ஒன்றுமில்லை என்று ஆன பிறகு முகத்தை எதற்குப் பிடித்து வைத்திருக்க வேண்டும்? அவள் நிவியாக்கின் மேசைக்குப் போய்த் தரையில் மண்டியிட்டாள்.

"நிவியாக், நீ எனக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருந்த. நான் பாக்கல. மன்னிச்சிடு. என்மேல கோவமா?"

நிவியாக்கின் இரண்டு புருவமும் பளிச்சென்று எழும்பின.

டானிலுக்குக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜோனலினுக்கும்தான், கண்ணில் தண்ணீரோடு. இரண்டு வாரமாக அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் சொன்ன பதில்களில் யாராவது கேட்டுக்கொண்ட முதல் பதில் அது.

"ரொம்பக் கோவமா?"

நிவியாக் யோசித்தாள். மூக்கு கொஞ்சமாகச் சுருங்கியது.

"அப்ப அந்தப் பத்தொன்பதையும் மறுபடியும் கேக்கட்டுமா? இந்தத் தடவ நீயே எழுது."

நிவியாக் பென்சிலை வாங்கிக்கொண்டாள். ஜோனலின் கேட்கக் கேட்க, புருவமோ மூக்கோ முதலில் சொல்லும், பிறகு பென்சில் எழுதும். "பதில் இல்லை" என்பதை ஒவ்வொரு முறையும் அழுத்தி அடித்துவிட்டுத்தான் எழுதினாள். அதில் அவளுக்கு ஒரு தனி ருசி இருந்தது. ஐந்தாவது கேள்விக்குள் பாதி வகுப்பு சுற்றி நின்றது. கத்தரிக்கோல் பையன் எல்லாவற்றுக்கும் முந்திக்கொண்டு தன் புருவத்தைத் தூக்கினான். "டேய், ஒன்னக் கேக்கல, அவளக் கேக்குறாங்க" என்று ஒருத்தி அவனை இடித்தாள்.

"நாற்பத்திரெண்டுல பதினேழு போனா முப்பத்தஞ்சா?"

நிவியாக் நம்பிக்கையோடு புருவத்தை உயர்த்தினாள்.

தவறு. இருபத்தைந்து. ஜோனலின் திருத்தாமல் அடுத்ததற்குப் போனாள். முடிந்ததும் டானிலுக் தாளை வாங்கி விரலால் எண்ணினார்.

"பதினாறு சரி. மூணு தப்பு."

"மூணு தப்பு!" என்றாள் ஜோனலின். லாட்டரி விழுந்தவள் மாதிரி சொன்னாள்.

"மூணும் கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு. என் கிளாஸ்ல பாதிப் பேர் அதுலதான் முட்டிக்கிட்டு நிக்கிறாங்க." டானிலுக் படிவத்தை நான்காக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். "இதுக்குத் தனி ரூம்னா, பாதிக் கிளாஸ இல்ல அனுப்பணும். நிவியாக், உனக்கு இங்கயே இருக்க இஷ்டமா?"

புருவம் எழும்பிய வேகத்தில் பென்சில் உருண்டு கீழே விழுந்தது. டானிலுக் தானும் புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். அறுபது வருடம் தூங்கிக்கொண்டிருந்த புருவம், ஒன்று எழும்பியது, ஒன்று மறுத்துவிட்டது.

மணி அடித்தது. பிள்ளைகள் இடத்துக்கு ஓடினார்கள். ஃப்ரீசன் கோப்பைப் புரட்டி, "நான் பாக்க வந்தது உங்க பாடத்த. அடுத்த மணிக்கு என்ன?" என்று கேட்டார்.

"கழித்தல் சார்."

எழுதி வைத்திருந்த பாடத் திட்டம் வேறு. அதை மேசையிலேயே விட்டுவிட்டாள். கரும்பலகையில் நாற்பத்திரண்டையும் பதினேழையும் எழுதினாள். ஒன்றின் இடத்தில் இரண்டுதான் இருக்கிறது, ஏழை எப்படி எடுப்பது, பக்கத்து வீட்டில் ஒரு பத்தைக் கேட்டு வாங்கலாமா என்று கதை மாதிரி சொன்னாள். கைகளை வீசினாள், பத்து வரும் வழியை உதட்டால் காட்டினாள். இந்த முறை இருபத்து நான்கு தலையும் அவள் உதடு போன பக்கம் திரும்பின. முத்தம் என்று யாரும் நினைக்கவில்லை.

"புரிஞ்சுதா?" என்று கேட்டாள். "வாயால வேணாம். நிவியாக் மாதிரி சொல்லுங்க."

வகுப்பு முழுக்கப் புருவங்கள் எழும்பின. கூரைக்கே போய்விடும் போல. எல்லாருக்கும் புரிந்துவிட்டதாம். ஜோனலின் வரிசை வரிசையாகப் பார்த்தாள். நடு வரிசையில் நிவியாக் பலகையைப் பார்த்தாள், தன் நோட்டைப் பார்த்தாள், மூக்கைச் சுருக்கினாள்.

கத்தரிக்கோல் பையன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவன் புருவம் மெல்ல இறங்கியது. மூக்கு சுருங்கியது. ஜன்னலோரம் இன்னொரு மூக்கு. பிறகு இன்னொன்று. புரியவில்லை என்று சொல்ல இதுவரை வாய் வராதவர்கள் எல்லாரும், ஒருவர் பின் ஒருவராக, பளபளக்கும் கண்ணோடு மூக்கைச் சுருக்கிக் காட்டினார்கள். ஜோனலின் எண்ணினாள். பதினொன்று.

"பதினோரு மூக்கு!" என்று கத்தினாள். வகுப்பு வெடித்துச் சிரித்தது.

பின்வரிசையில் ஃப்ரீசன் கோப்பில் ஏதோ எழுதினார். அவர் தோளுக்கு மேல் எட்டிப் படித்த டானிலுக் முகமெல்லாம் பல்லாக ஜோனலினைப் பார்த்து, தேறிவிட்டாய் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஒருமுறை காட்டினார், மறுமுறை காட்டினார், கையை ஆட்டிக்கூடக் காட்டினார். ஜோனலின் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள் பலகையை முழுக்கத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள், நடு வரிசையைப் பார்த்து. "மறுபடியும் மொதல்லேர்ந்து."